ஆ காட்டு, நாக்கத் தூக்கு

குழந்தைக்கு எதையாவது ஊட்டும்போது ஊட்டுகிறவரின் வாயும் தானாகத் திறந்துகொள்ளும். சந்தேகம் இருந்தால் அடுத்த முறை குழந்தையைப் பார்க்காமல் ஊட்டுகிறவரைப் பாருங்கள். நர்ஸிங் படிப்பில் எனக்கு என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள். மருந்து கொடுக்கும்போது உன் வாயை மூடிக்கொள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. விதிகள் என்றால் எனக்கு உயிர். கையில் கட்டிய பட்டையில் பெயரைப் பார்க்க வேண்டும். எடைக்குத் தக்கபடி அளவைக் கணக்கிட்டு இன்னொரு நர்ஸிடம் காட்ட வேண்டும். மருந்தை மிட்டாய் என்று பொய் சொல்லக் கூடாது, பாலில் கலந்து ஏமாற்றக் கூடாது. குழந்தை விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ‘கொடுத்தாச்சு’ என்று எழுத வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டேன். “முழுங்கிட்டியா? ஆ காட்டு. நாக்கத் தூக்கு” என்று கட்டில் கட்டிலாக விசாரணை நடத்துவேன். (ஏர்போர்ட்டில் கடத்தல் தங்கம் தேடுகிறவர்கள் என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கலாம்.)

ஜன்னலோரக் கட்டிலில் யாழினி இருந்தாள். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம், இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. நெஞ்சுச் சளியும் காய்ச்சலும். அப்பாவுக்கு நடவு நேரம் என்பதால் அத்தைதான் கூட இருந்தார். அம்மா குவைத்தில் வீட்டு வேலை. ஊசியை நிறுத்திவிட்டு டாக்டர் வாய்வழி மருந்துக்கு மாற்றியிருந்தார். ஒழுங்காகக் குடித்தால் வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் மறுபடியும் கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்ற வேண்டும். அவளோ வாயைத் திறப்பதாக இல்லை. அத்தை கெஞ்சினார், பக்கத்துக் கட்டில் அம்மா கெஞ்சினார், ஒன்றும் நடக்கவில்லை.

நான் ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை எடுத்து, இன்சார்ஜ் சிஸ்டர் மலர்விழியிடம் அளவைக் காட்டிவிட்டு, அவர் பார்க்கவே போய் உட்கார்ந்தேன். வற்புறுத்தித் திணிக்கக் கூடாது என்பதும் விதி. அதனால் சிரிஞ்சைப் பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டு, “அக்காவப் பாரு, ஆ...” என்று என் வாயைப் பிளந்தேன். ஒரு இட்லியை முழுசாகப் போடலாம், அப்படிப் பிளந்திருந்தேன்.

சிரிஞ்சை எப்படி அழுத்துவது என்று அவள் படுத்தபடியே கவனித்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு கையாலும் பிடுங்கினாள், திருப்பினாள், அழுத்தினாள். அவ்வளவும் என் தொண்டைக்குள். முதலில் ஆரஞ்சு, அப்புறம் சகிக்க முடியாத கசப்பு. திடுக்கிட்டதில் விழுங்கியும் விட்டேன்.

யாழினி குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். “முழுங்கிட்டியா? ஆ காட்டு. நாக்கத் தூக்கு.”

நான் தூக்கினேன். (ஏன் தூக்கினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.) வார்டே சிரித்தது.

மலர்விழி சிஸ்டர் சிரிக்கவில்லை. பிள்ளை வாய்க்குள் கொஞ்சமாவது போனதா என்று கேட்டார். ஒரு சொட்டும் போகவில்லை, எல்லாம் எனக்குத்தான் என்றேன். மருந்து வீணானால் நாமாக மறுபடி ஊற்றக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். எல்லோர் காதிலும் விழ, போனில் சொன்னேன். டாக்டர் என் எடையைக் கேட்டார். சொன்னேன். “அந்த எடைக்கு இந்த டோஸ் பத்தாதேம்மா” என்றார். சிரித்து முடித்துவிட்டுத்தான் புதிதாகக் கொடுக்கச் சொன்னார்.

புது மருந்தோடும் கோபத்தோடும்தான் திரும்பினேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் போர்வை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்: “காய்ச்சல் போயிட்டா அம்மா வராது.”

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். சேர்த்த அன்று அழுகையை நிறுத்துவதற்காக, உனக்கு உடம்பு சரியில்லை என்றால் அம்மா ஓடி வந்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறார். பிள்ளை அதை நம்பி, காய்ச்சலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. மருந்தை மிட்டாய் என்று சொல்லக் கூடாது என்றுதான் விதி இருந்தது, இதற்கு விதி ஏதும் இல்லை.

சிஸ்டர் அத்தையிடம் அம்மாவுக்கு வீடியோ கால் போடச் சொன்னார். ஏதோ ஒரு சமையலறையிலிருந்து அந்த அம்மா பேசினார். நாளைக்கே வருகிறேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“நீ குடிச்சாலும் குடிக்காட்டியும் அம்மாவுக்குப் பொங்கலுக்குத்தான் லீவு, பாப்பா. நீ நல்லா இருந்தாத்தான் அம்மா வந்து ஒன்னத் தூக்க முடியும். எங்க, ஆ...”

போனில் அந்த வாய் திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து யாழினியின் வாயும் திறந்தது. கன்னத்தின் ஓரமாக மருந்தை மெதுவாக விட்டேன். (என் வாயை இறுக மூடியிருந்தேன்.) யாரும் கேட்காமலே அவள் நாக்கைத் தூக்கிப் போனுக்குக் காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு மருந்தின் கசப்புதான் காரணம் என்று சிஸ்டரிடம் சொன்னேன்.

அந்த அழுகையை விட்டுவிட்டு, சிரிப்பை மட்டும் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். கல்யாணமாகி நன்னிலம் போன பிறகு அது எங்கள் வீட்டுக் கதையாகிவிட்டது. மாமனார் பிரஷர் மாத்திரை போட்டால்கூட யாராவது “நாக்கத் தூக்குங்க” என்பார்கள்.

இப்போது நானும் கடல் தாண்டி ஒரு குழந்தைகள் வார்டில்தான் இருக்கிறேன். இங்கும் அதே விதிகள், பட்டையில் பெயர் பார்ப்பதை மட்டும் மெஷின் செய்கிறது. என் மகள் அவள் அப்பாவோடு நன்னிலத்தில். அவளைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருக்கும். இங்கே மற்ற பிள்ளைகளின் நெற்றியைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். டியூட்டி முடிந்ததும் வீடியோவில் வருவாள். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள் அவள் கேட்டுவிடுவாள். சாப்பிட்டேன் என்பேன்.

“பொய். ஆ காட்டு. நாக்கத் தூக்கு.”

காட்டுவேன். அவள் முகம் போனுக்கு அருகில் வந்து திரை முழுக்க நிறையும். நிதானமாகப் பார்ப்பாள். ‘சரி’ என்று சொன்னால் போனை வைக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். அவ்வளவு சீக்கிரம் சொல்லமாட்டாள். நானும் வாயை மூடமாட்டேன்.