டேப்பு மாமாவின் தலைமுடி

ஜப்பான் கார்ட்டூனுக்கு நல்ல நாள் பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். பாச்சாங்கில் வீடியோ கடை வைத்திருந்த எங்கள் டேப்பு மாமா. ஜப்பான்காரனே பார்த்திருக்க மாட்டான்.

தொண்ணூறுகளில் நான் பக்கத்து ஊரான செங்கில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்தேன். வேலை முடிந்தால் நேராக அவர் கடைதான். அங்கே ஒரு வாள்வீரன் தொடர் இருந்தது. பேச்சு ஜப்பான், கீழே ஓடும் எழுத்து சீனம். எங்களுக்கு இரண்டும் தெரியாது. ஆகவே மாமா வைத்த வரிசைதான் கதை. டேப்பில் ஒட்டியிருந்த நம்பரை எல்லாம் உரித்துப் போட்டுவிட்டு, பிறப்பு, காதுகுத்து, சண்டை, சாவு, கல்யாணம் என்று அவரே அடுக்கி வைத்திருந்தார்.

லூபோக் சீனா தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், சண்டை டேப்பை முதலில் கேட்டுவிட்டார்.

"தம்பி, காதே குத்தல, அதுக்குள்ள கத்திய குடுக்கச் சொல்றியா?"

"கார்ட்டூன்தானே மாமா!"

"ஒன் வீட்டுப் புள்ளைக்கி இப்படிச் செய்வியா லா?"

பாவம், அவர் காதுகுத்து டேப்போடு திரும்பிப் போனார்.

மாமாவுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. அவருடைய தலைமுடி. சட்டைப் பையில் எப்போதும் சீப்பு. ஃபேனுக்குக் கீழே உட்காரமாட்டார், கலைந்துவிடுமாம்.

எனக்கு பினாங்குக்கு மாற்றல் வந்தது. திங்கட்கிழமை காலை பஸ். வெள்ளிக்கிழமை சாவு டேப்பைக் கேட்டதற்கே, "வெள்ளிக்கிழம சாவா? வீடு வெளங்குமா?" என்று விரட்டி, சனிக்கிழமைதான் கொடுத்தார். வீரனின் குரு செத்துப்போனார். நானும் அழுது தொலைத்தேன். கடைசி டேப், வீரனின் கல்யாணம். அந்தத் தொடர் வேறு எந்தக் கடையிலும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஓடினேன்.

"நேத்துதான் குரு போயிருக்காரு. கருமாதி ஆவாம கல்யாணமா? தீட்டு புள்ள!"

"மாமா, நாளைக்கி நான் போயிருவேன். முடிவு தெரியாம செத்துருவேன் மாமா!"

"அதுக்காக மொறைய மாத்த முடியுமா?"

மனுஷனா இவர் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பஸ் கிளம்பப் போகும் நேரம். ஒரு மோட்டார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். மழமழவென்று மொட்டை. முதலில் எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை.

"ஐயோ மாமா! முடி எங்க?"

"குருவுக்குப் புள்ளகுட்டி இல்ல பாரு. யாராச்சும் செய்யணும்ல? விடியக்காலைல ஆத்தங்கரைல சுருக்கமா முடிச்சிட்டேன்." மொட்டையைத் தடவிக்கொண்டே ஜன்னல் வழியாக டேப்பை நீட்டினார். "தீட்டு கழிஞ்சிருச்சி. நல்லபடியா கல்யாணத்தப் பாரு. தீபாவளிக்கி வரும்போது கொண்டா, போதும்."

பினாங்கில் அந்தக் கல்யாணத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குத் தலை நிறைய முடி. எனக்கென்னவோ அந்த மொட்டைத் தலைதான் கண்ணுக்குள்ளேயே நின்றது. அழுதுகொண்டே சிரித்தேன்.