ரிமைண்டர் சுபேதார்

அரசாங்கத்திடம் பேசிப் பதில் வாங்க முடியாது என்பவர்கள் எங்கள் ரிமைண்டர் சுபேதாரைப் பார்த்ததில்லை. டெல்லியில் அவர் கடிதம் போய்ச் சேராத அலுவலகமும் இல்லை, அவர் பெயரைக் கேட்டுத் தண்ணீர் குடிக்காத அதிகாரியும் இல்லை.

லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்வீடு அவருடையது. மத்திய அரசு வேலையிலிருந்த மகளோடு இருந்தார். திருநெல்வேலிக்காரர், பட்டாளத்தில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். பென்ஷன் வராத பழைய சிப்பாய்களும், போரிலும் எல்லையிலும் கணவனை இழந்த பெண்களும் பஸ் மாறி பஸ் மாறி அவரைத் தேடி வருவார்கள். பீஸ் கிடையாது. மனு எழுதுவார். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் ரிமைண்டர். நாற்பத்தோராவது ரிமைண்டரிலும் முதல் மனுவின் மரியாதை குறையாது. ஒரே நிபந்தனை, மனுவில் ‘கருணை கூர்ந்து’ என்று வரக்கூடாது. யாராவது எழுதி வந்தால் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “கெஞ்சுததுக்கு நாம என்ன களவா செஞ்சோம்?” என்பார். பால்காரர் மூன்று நாள் தாமதமாக வந்ததற்குக்கூட ஹிந்தியில் ரிமைண்டர் கொடுத்தவர் அவர்.

ஒரு பிரிவு அதிகாரி இவர் கடிதங்களுக்குப் பயந்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்து ரிடையர் ஆனார். துவாரகாவில் அவர் வீட்டுக்கே சுபேதாரின் வாழ்த்துக் கடிதம் போனது. இரண்டாவது பத்தியில், ‘கோப்பினை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று தெரிவிக்கவும்’ என்று கேட்டிருந்தார். ஆறு மாதம் கழித்து அந்த அதிகாரியே மெட்ரோ பிடித்து வந்து, மாடி தெரியாமல் எங்கள் பெல்லை அழுத்தினார். அவருடைய பென்ஷன் எங்கோ மாட்டிக்கொண்டதாம். சுபேதார் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. டீ கொடுத்து உட்கார வைத்து மனு எழுதினார்.

இதெல்லாம் வேடிக்கை. செல்வி வந்த பிறகுதான் எனக்கு அவரிடம் பயபக்தியே வந்தது.

செல்வி நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். ராமநாதபுரம் பக்கம். கல்யாணமாகி எட்டாவது மாதம் புருஷன் எல்லையில் பனிச்சரிவில் இறந்துபோனான். கல்யாணத்தை யூனிட்டில் முறைப்படி பதிவு செய்யக் கிராமத்துச் சான்றிதழ் வேண்டும். அது ஊரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் அவன் போய்விட்டான். ஆவணத்தில் அவன் திருமணமாகாதவன். கல்யாண போட்டோவைக் காட்டினால், போட்டோ ஆதாரமாகாது என்று பதினொரு வருஷமாக ஒரே பதில்.

“காசு வராட்டிப் போகுது சார். கல்யாணமே ஆகலைன்னுல்ல எழுதிருக்காக” என்றாள்.

சுபேதார் அவள் கொண்டுவந்த பழைய பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, அவள் புருஷன் எப்போதாவது தண்டனை வாங்கியிருக்கிறானா என்று கேட்டார். செல்விக்கு முகம் சுருங்கியது. அவர் தங்கமான மனுஷர் என்றாள்.

“நல்லது செஞ்சா பட்டாளத்துல ஒரு வரி எழுத மாட்டான் தாயி. தப்பு செஞ்சா மூணு எடத்துல எழுதி வைப்பான். நாம தப்பைத் தேடுவோம்.”

தண்டனைப் பதிவின் நகல் கேட்டு மனு போனது. ஆங்கிலத்தில் டைப் அடித்தது நான். பதினேழாவது ரிமைண்டருக்கு ஒரு பழுப்புக் கவர் வந்தது. சுபேதார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வரி வரியாகத் தமிழில் சொன்னார்.

கல்யாண லீவு முடிந்து இரண்டு நாள் தாமதமாகத் திரும்பியதற்குப் பதினாலு நாள் கூடுதல் காவல் டியூட்டி. குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலம்: ‘எனக்குத் திருமணம் நடந்தது. மனைவி செல்வி இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொன்னாள். மறுக்க முடியவில்லை.’ கீழே மேஜரின் கையெழுத்து, முத்திரை.

செல்வி முதலில் சிரித்தாள். “எங்கிட்ட சொல்லவே இல்லையே சார்” என்றாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

அந்த ஒரு தாளை வைத்து, இன்னும் ஒன்பது ரிமைண்டர்களில், குடும்பப் பென்ஷன் உத்தரவு வந்தது. ஆவணத்தில் அவள் மனைவியானாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து அதிரசம் வாங்கிக்கொண்டு வந்தாள். சந்தோஷத்தில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இறந்தவர் பெயரில் எதற்குக் களங்கம், அந்தத் தண்டனையை ரத்து செய்யச் சொல்லி ஒரு மனு போட்டால் என்ன? சொல்லி முடிப்பதற்குள் சுபேதார் பேப்பரை எடுத்து, தேதி போட்டு, ‘மதிப்பிற்குரிய ஐயா’ வரை எழுதிவிட்டார்.

“வேணாம் சார்” என்றாள் செல்வி. “அது அப்படியே இருக்கட்டும். எனக்காக அவரு வாங்குன தண்டனையாச்சே.”

சுபேதார் அவளைப் பார்த்தார். பேனாவை மூடினார். எழுதிய தாளை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

எனக்கு அந்த மனுஷர் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. விழுந்தால் காரணத்தை எழுத்து மூலம் கேட்பார் என்று, சும்மா அதிரசத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.