போகியில் எரிந்த அழகு முள்

எனக்கு வாய் நல்லதில்லை. நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள்.

அறுபதுகளில் ஊட்டியில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுச் செஞ்சிக்குத் திரும்பும்போது, பங்களாத் தோட்டக்காரர் ஒருவரிடம் கெஞ்சி ஒரு முள்செடி வாங்கிவந்தேன். பூவுக்கோ பழத்துக்கோ இல்லை. குளிரில் இலை கொட்டியதும் தண்டெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். அதைப் பார்ப்பதற்காகவே வளர்ப்பார்களாம். (முள்ளை வேலிக்கு வெட்டுகிற ஊரில் முள்ளுக்குத் தண்ணீர் ஊற்றியவன் நான் ஒருவன்தான்.)

வாசல் படல் ஓரமாக நட்டேன். வெயிலுக்கு ஓலை கட்டினேன். அம்மா தினமும் திட்டினாள். மூன்றாம் வருட மார்கழியில்தான் வெளுத்தது. விடிகாலைப் பனியில் ராஜகிரி மலை கரைந்துபோயிருக்கும். கோட்டைச் சுவர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. அதற்கு முன்னால், மாவுக்கோலம் தரையைவிட்டு எழுந்து நிற்பதுபோல் என் தண்டுகள் வளைந்து நிற்கும். வாயில் வேப்பங்குச்சியோடு அப்படியே நின்றுவிடுவேன்.

அந்தச் சமயம் எனக்கு அவலூர்பேட்டையில் பெண் பார்த்திருந்தார்கள். கோயிலில் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு யாரும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். தை பிறந்ததும் அவள் அப்பா வந்து பேசுவதாக ஏற்பாடு. அவரை நான் பார்த்ததில்லை.

போகியன்று கண் விழித்தால் வாசலில் புகை. ஓடினேன். அரிவாளோடு ஒரு பெரியவர். என் செடி தரையோடு போயிருந்தது. தண்டுகள் போகி நெருப்பில் வெடித்துக்கொண்டிருந்தன.

"யோவ், இன்னாய்யா பண்ற? கண்ணு அவிஞ்சிபோச்சா?"

"காஞ்ச முள்ளுப்பா. வேட்டிய கிழிச்சிடுச்சி. போகிதானேன்னு வெட்டிப் போட்டேன்."

"காயலய்யா அது. அழகுக்கு வச்சது."

அவர் நெருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "முள்ளா? அழகுக்கா?"

"உனக்கு இன்னா தெரியும்? எந்தக் காட்டுலருந்து வர?"

"அவலூர்பேட்டக் காட்டுலருந்து," என்றார் நிதானமாக. "பொங்கலுக்குச் சாமான் வாங்க வந்தேன். பையன் வீடு எப்படி இருக்குதுன்னு அப்படியே பாத்துட்டுப் போலாம்னு…"

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். (அரிவாளை எடுத்துக் கொடுத்ததே அவள்தானாம்.) மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ, "வேரையாவது விட்டீங்களா?"

அவர் குனிந்து அடிக்கட்டையை நகத்தால் சுரண்டினார். பச்சை தெரிந்தது. "உசுரு இருக்குது. தழஞ்சிடும்." பிறகு அம்மாவிடம், "எம்பொண்ணுக்கும் இதே வாய்தாம்மா. வேற எங்க குடுத்தாலும் திரும்பி வந்துடுவா. தையில பேசிக்கலாம்," என்று கிழிந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

பங்குனியில் செடி தழைத்தது. வைகாசியில் கல்யாணம்.

இன்றும் ஒவ்வொரு போகிக்கும் பழைய பாய், தேய்ந்த துடைப்பம் எல்லாவற்றையும் நெருப்பில் போட்டுவிட்டு, என் வெளுத்த தலையைப் பார்ப்பாள் அவள்.

"இன்னா, இதயும் போட்டுடலாமா? இல்ல, அழகுக்கு வச்சதா?"