பிரதம விருந்தினரை முந்தக் கூடாது

மாத்தளைப் பக்கம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்களுக்கு மூன்று வருத்தங்கள் வருவதுண்டு. ஒன்று சீனி. மற்றது பிரஷர். மூன்றாவது சைக்கிள். முதல் இரண்டுக்கும் மருந்து இருக்கிறது.

அலுவிகாரையில் குடியிருக்கும் ஜெராட்டுக்கு மூன்றாவது வருத்தம் போன வருடம் தொற்றியது. காப்புறுதிக் கம்பனியில் உட்கார்ந்து வேலை செய்பவர். தொற்ற வைத்தவர் இரும்புக்கடை இத்ரூஸ். இத்ரூஸின் சைக்கிளை ஒரு விரலால் தூக்கலாம். இத்ரூஸைத் தூக்க நாலு பேர் வேண்டும். இருந்தாலும் சைக்கிள் பாரம் குறைந்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் புது நாகரிகம்.

ஜெராட்டும் அப்படி ஒன்றை வாங்கினார். அதற்கேற்ற உடுப்பும் வாங்கினார். தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும் அந்த உடுப்பைப் போடும்போது மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். கழற்றும்போதுதான் வெளியே விடலாம். காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதற்காகக் கால் மயிரையும் மழித்துக்கொண்டார். காற்று ஒருவரை எதிர்க்க வேண்டுமானால் அவர் முதலில் வேகமாகப் போக வேண்டும். இந்தச் சிறிய விஷயத்தை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

இவ்வளவு உயர்ந்த சைக்கிளை வெளியே விறாந்தையில் விடலாமா? ஆகவே சைக்கிள் சாப்பாட்டறைக்கு வந்தது. சாப்பாட்டு மேசை விறாந்தைக்குப் போனது. மழை நாட்களில் குடும்பம் முழுவதும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சைக்கிளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டது.

ஜெராட்டின் மனைவி ஷிரானி ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் தாதி. பொறுமைசாலி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரத்தோட்டை ஏற்றத்தின் பாதியில் கணவர் மூச்சுவாங்கி இறங்குவதும், பிறகு ஆட்டோவில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேருவதும் அவர் பொறுமையைத் தேய்த்துவிட்டன.

"என்னங்க, இந்த சைக்கிள் உங்கள ஏத்திக்கிட்டுப் போனதைவிட, ஆட்டோ இந்த சைக்கிள ஏத்திக்கிட்டு வந்ததுதான் கூட" என்றார் ஒருநாள்.

"வர்ற மாசம் போட்டி இருக்கு ஷிரானி. அப்ப பாரு."

"பாக்கிறேன். கால் தரையில படாம மேல வந்து சேருங்க. சைக்கிள் சாப்பாட்டறையிலேயே இருக்கட்டும். கால் பட்டுச்சுன்னா, மறுநாளே அது வித்துப் போகணும். சம்மதமா?"

ஜெராட் சம்மதித்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் சாட்சி.

போட்டி என்றால் இரத்தோட்டைக் கடைத்தெருவில் தொடங்கி, மேலே தேயிலைத் தொழிற்சாலைச் சந்தி வரை. தூரம் அதிகமில்லை, ஆனால் வழி முழுக்க ஏற்றம். சைக்கிள் கழகத்தார் தாங்களே நடத்தியிருந்தால் காலையில் தொடங்கி, பகல் சோற்றுக்கு முன் முடித்திருப்பார்கள். ஆனால் பொதுவீதியில் நடத்துவதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கேட்கப் போன இடத்தில், மாவட்ட உடலியக்க மேம்பாட்டு ஒருங்கிணைப்புப் பணிமனை அந்தப் போட்டியைத் தத்தெடுத்துக்கொண்டது.

பணிமனையின் உதவிப் பணிப்பாளர் தர்மராஜா. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து பத்து வருடமாகிறது. நேர்மையானவர், ஒரு சதம் வாங்காதவர். மேலிடத்திலிருந்து வரும் சுற்றுநிருபத்தில் உள்ளதைச் செய்வார், இல்லாததைச் செய்ய மாட்டார். அவரைச் சந்திக்க ஜெராட், இத்ரூஸ், ஜஸ்லா டீச்சர் மூவரும் போனார்கள். ஜஸ்லா உக்குவளையில் கணிதம் படிப்பிப்பவர். கழகத்தில் உண்மையாகவே மலையேறத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"எல்லா ஒழுங்கும் செய்தாச்சு" என்றார் தர்மராஜா. "அம்புலன்ஸ், தாதி, பிரதம விருந்தினர், மங்கள விளக்கு, கண்டி மேளம்."

"மேளம் எதுக்கு சேர்?" என்றார் ஜெராட்.

"பிரதம விருந்தினரை மேளதாளத்தோட நிகழ்விடம் வரைக்கும் அழைச்சுக்கொண்டு போக வேணும். அது சுற்றுநிருபம். இப்ப நீங்களே சொல்லுங்கோ, உங்கட நிகழ்வு எங்க நடக்குது?"

"ரோட்டுல."

"ரோட்டில எந்த இடத்தில?"

"எல்லா இடத்திலயும்தான். கீழ இருந்து மேல வரைக்கும்."

"அப்ப மேளமும் கீழ இருந்து மேல வரைக்கும் போகத்தானே வேணும்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிழை எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். அகப்படவில்லை.

"சேர், மேளக்காரங்க நடந்துதானே போவாங்க?" என்றார் ஜஸ்லா.

"நடப்பினம், ஆடுவினம். அவைக்குப் பின்னால பிரதம விருந்தினரின்ர ஜீப். அதுக்குப் பின்னால நீங்கள். கடைசியா அம்புலன்ஸ்."

"நாங்க முந்தலாமா?"

"போட்டி எண்டால் முந்தத்தானே வேணும்! தாராளமா முந்துங்கோ. பிரதம விருந்தினரை மட்டும் முந்தக் கூடாது."

"அப்ப யாரு சேர் ஜெயிக்கிறது?"

"அது விளையாட்டு வீரர்களின்ர திறமையைப் பொறுத்தது, டீச்சர். அதில நாங்கள் தலையிட மாட்டம்."

போட்டி நாள் வந்தது. பிரதம விருந்தினர் காலை எட்டு மணிக்கு வருவதாக இருந்தது; ஆகவே பத்தரைக்கு வந்தார். காத்திருந்த நேரத்தில் ஜஸ்லா டீச்சர் தொழிற்சாலைச் சந்தி வரை ஒரு தடவை ஏறிப் போய், மேலே தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டார். நியாயமாகப் பார்த்தால் அன்று அந்த மலையில் நடந்த ஒரே ஓட்டம் அதுதான். ஆனால் அப்போது மங்கள விளக்கு ஏற்றப்பட்டிருக்கவில்லை. ஆதலால் அது நடக்கவில்லை என்று கருதப்பட்டது.

அம்புலன்ஸின் முன் ஆசனத்தில் ஷிரானி இருந்தார். பணிமனை ஒரு தாதி கேட்டது. மருத்துவ நிலையம் அவரை அனுப்பியது. சைக்கிள்காரர்களின் கால்களைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் அந்த ஊர்வலத்தில் இல்லை.

விளக்கு ஏற்றப்பட்டது. மேளம் முழங்கியது. வெள்ளித் தலையணி கட்டிய நடனக்காரர்கள் இரண்டடி முன்னே வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஓரடி பின்னே வைத்தார்கள். ஜீப் முதலாம் கியரில் முனகியது. அதன் புகையில், இறுக்கமான உடுப்பும் கறுப்புக் கண்ணாடியும் ஹெல்மெட்டுமாக இருபது வீரர்கள் மாபெரும் மலையேற்றத்தை ஆரம்பித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். சைக்கிள் ஓடினால் நிற்கும், நின்றால் விழும். அதிலும் இந்தப் புது வகைச் சைக்கிள்களில் காலில் போட்ட சப்பாத்து பெடலோடு பூட்டிக்கொள்ளும். அவசரத்துக்குக் காலை எடுக்க நினைத்தால், கால் வருவதற்கு முன் ஆள் தரைக்கு வந்துவிடுவார்.

முதலில் வந்தவர் இத்ரூஸ். இரும்புக்கடைத் தட்டு சரிந்தது போல் ஒரு சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல இத்ரூஸ் நானா, முழங்கைத் தோல்தான். எழும்புங்க" என்று அண்ணன் முறை வைத்துத் தேற்றி மருந்து பூசிவிட்டார் ஷிரானி.

"என்ன தங்கச்சி இது, மாப்பிள்ள ஊர்கோலமா?" என்று முனகினார் இத்ரூஸ். "மலை ஏறி விழுந்தா சொல்லிக்கலாம். மேளத்துக்குப் பின்னால விழுந்தேன்னு கடையில எப்பிடிச் சொல்ற?"

பின்னால் தோட்டத்துச் சனங்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று அகப்பட்டுக்கொண்டது. அதிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டி, "யாருக்கு நேர்த்தி?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "தெரியல. ஆனா பெரிய வேண்டுதலாத்தான் இருக்கணும். கால் மயிரெல்லாம் எடுத்திருக்காங்க பாரு" என்றார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சரிய, ஜெராட் மட்டும் இன்னும் விழவில்லை. அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஜீப் வரை ஏறுவார், அங்கே திரும்பி அம்புலன்ஸ் வரை இறங்குவார், மறுபடியும் ஏறுவார். ஒரே மலையை அவர் துண்டு துண்டாக நாலைந்து தடவை ஏறிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி மலைக்கே ஆட்டோ தேடியவர் அவர். கால் எரிந்தது, நெஞ்சு அடித்தது, ஆனால் கால் தரையில் படவில்லை. ஒவ்வொரு தடவை இறங்கி வரும்போதும் அம்புலன்ஸ் கண்ணாடிக்குள் ஷிரானியின் முகம் தெரிந்தது. முதல் தடவை அதில் சிரிப்பு இருந்தது. மூன்றாம் தடவை இல்லை.

ஜீப்பிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. தர்மராஜாவின் குரல்.

"பதினேழாம் இலக்கக்காரர் திரும்பி ஓடக் கூடாது. போட்டி மேல் நோக்கியது."

"சேர், திரும்பாட்டி விழுந்துடுவேன்!" என்று கத்தினார் ஜெராட்.

ஒலிபெருக்கியில் சுற்றுநிருபம் புரட்டப்படும் சத்தம்.

"விழுவதற்குத் தடையில்லை."

அதற்குப் பிறகு வீதியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் பாம்பு போல நெளிந்து நெளிந்து போனார். அப்படியே கடைசி வளைவும் வந்தது. தொழிற்சாலைச் சந்தியில் முடிவுக்கோடு தெரிந்தது. ஜெராட்டின் கண்ணில் தண்ணீர் வந்தது. வியர்வையாகவும் இருக்கலாம்.

மேளக்காரர்கள் கோட்டைத் தாண்டினார்கள். ஜீப் கோட்டைத் தாண்டியது. தாண்டிய கையோடு நின்றது. அதன் பின்னால் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டப்பட்டது. பிரதம விருந்தினர் அதை வெட்டிய பின்னரே வீரர்கள் கோட்டைத் தாண்டலாம். வெட்டுவதற்கு முன் அவர் சில வார்த்தைகள் பேசுவார்.

"இன்றைய சமுதாயம் எதிலும் அவசரப்படுகிறது" என்று தொடங்கினார் பிரதம விருந்தினர்.

ஜெராட் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு சைக்கிளிலேயே அசையாமல் நிற்க முயன்றார். முன்சக்கரம் இடது பக்கம் துடித்தது. வலது பக்கம் துடித்தது. கோட்டுக்கு இன்னும் ஒரு முழம்தான். சாப்பாட்டறைச் சைக்கிள் மெல்ல மெல்லச் சரியத் தொடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சரிந்த சைக்கிள் பாதியில் நின்றது. பின்னால் சீட்டை யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

"யாரு?"

"பேசாதீங்க. நேரா பாருங்க" என்றார் அம்புலன்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருந்த ஷிரானி.

"ஷிரானி... இது கணக்குல வருமா?"

"கால் படக் கூடாதுன்னுதானே சொன்னேன். யாரும் பிடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

"ஏன் பிடிச்ச?"

"இவ்வளவு சனத்துக்கு முன்னால விழுந்தா எல்லாரும் சிரிப்பாங்க. உங்களப் பாத்துச் சிரிக்கிறதுக்கு நான் ஒருத்தி போதும்."

இதைக் கண்ட இத்ரூஸ், சாப்பாட்டுப் பார்சலோடு மேலே வந்து நின்ற தன் மனைவியைப் பார்த்து, "நிஷ்மியா, பாத்துக்கிட்டு நிக்கிறியே, புடி புள்ள!" என்று அலறினார். சற்று நேரத்தில் இருபது வீரர்களையும் ஆளுக்கு ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிரதம விருந்தினர் சுறுசுறுப்பின் அவசியம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்.

ரிப்பன் வெட்டப்பட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டினார்கள். ஜெராட்டின் கால் படவில்லை.

இனிப் பரிசு. தர்மராஜா விதிகளைக் கவனமாகப் பார்த்தார். முதலில் கோட்டைத் தாண்டியவர் மேளக்குழுத் தலைவர். ஆனால் அவர் பலரிடம் விலை கேட்டு, கேள்விப்பத்திரம் மூலம் கூலிக்கு அமர்த்தப்பட்டவர். ஒரே நிகழ்வில் கூலியும் பரிசும் பெறுவது நிதிப் பிரமாணத்துக்கு முரண். அடுத்துத் தாண்டியவர் பிரதம விருந்தினர். அவருக்கு எதிராக விதி எதுவும் இல்லை. ஆகவே கிண்ணத்தை வழங்க வந்தவர், அதை வலது கையால் வழங்கி, இடது கையால் பெற்றுக்கொண்டார். புகைப்படக்காரருக்காக இன்னொரு தடவையும் அப்படியே செய்தார்.

இருபது வீரர்களும் சமமாக இரண்டாம் இடம்.

வீரர்கள் கொதித்தெழுந்திருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அவர்களில் பத்தொன்பது பேர் வாழ்நாளில் எந்த ஓட்டத்திலும் இரண்டாம் இடத்தைத் தூரத்தில்கூடக் கண்டதில்லை. கைதட்டல் தொழிற்சாலைக் கூரையில் எதிரொலித்தது. ஜெராட் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். ஜஸ்லா டீச்சர் மட்டும் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சமன்பாடு படிப்பிக்கும்போது பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

பணிமனையின் அறிக்கை மேலிடத்துக்குப் போனது. விபத்து இல்லை, வாக்குவாதம் இல்லை, தோற்றவர் இல்லை. மேலிடம் மகிழ்ந்து, அடுத்த வருடத்துக்குப் புதிய சுற்றுநிருபம் ஒன்றை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு வீரரும் சீட்டைப் பிடித்து வருவதற்கு, குடும்பத்தில் ஒருவரைத் தொடக்கத்திலிருந்தே கூட அழைத்து வர வேண்டும். சைக்கிள் கழகம் நன்றி தெரிவித்து, மேளத்தை இன்னும் கொஞ்சம் மெதுவாக அடிக்க முடியுமா என்று பணிவோடு கேட்டிருந்தது.

சுற்றுநிருபம் வந்து இரண்டு வாரம் கழித்து, ஓரிரவு ஜெராட் இந்தச் செய்தியைத் தயங்கித் தயங்கி மனைவியிடம் சொன்னார்.

ஷிரானி தட்டைக் கீழே வைத்தார். "உங்களுக்கெல்லாம் பைத்தியமாங்க? வயசான காலத்துல ஆம்பளைங்க சைக்கிள்ல ஏறி உக்காருவீங்க, பொம்பளைங்க பின்னால தள்ளிக்கிட்டு மலை ஏறணுமா? நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாங்க? நான் வரவே மாட்டேன். வேற ஆளப் பாருங்க."

"சரி, விடு" என்றார் ஜெராட். "இத்ரூஸும் சொன்னான், முதல்ல நிஷ்மியாவும் மாட்டேன்னுதான் சொன்னாங்களாம். பிறகு கொழும்புல இருந்து அதுக்குன்னே ஒரு சட்டை, கையுறை, சப்பாத்து எல்லாம் எடுப்பிச்சிட்டாங்களாம்."

ஷிரானி தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். குழாய்த் தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது.

"என்ன கலராம்?" என்று அங்கிருந்து கேட்டார்.