விளக்கைப் பிடிக்க ஆளில்லை

"விளக்கை நான் பிடிக்க மாட்டேன் சார்," என்றார் கதாசிரியர். ஓவியரும் புரோகிராமர் பெண்ணும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். தனி ஆளாக வாள் வீசும் மாயலோக வீரனின் வீடியோ கேமை விற்றுப் பிழைத்த கம்பெனி அது. அதிலிருந்து கிளை பிரித்து, நாலு பேர் கூடி ஆடும் புதுத் தொடரைக் கிளப்பிவிட்டவர் இவர்தான். ஒருவர் விளக்கைப் பிடிக்க வேண்டும், மூவர் அரக்கனை வெட்ட வேண்டும். விளக்கு விழுந்தால் நால்வரும் காலி. மதியம் முதலாளி பார்க்க வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் தொடரும் போச்சு, தலைவரின் நாற்காலியும் போச்சு.

கூட்டத்துக்குக் கூட்டம் ஒற்றுமையைப் பற்றி முழங்கிய மனிதர், தானே விளக்கைப் பிடித்திருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. வாள் அவருடையதாம்.

விளக்கு பிடிப்பவருக்கு இரட்டைப் புள்ளி என்று அறிவித்தார். மற்ற மூவரும் விளக்குக்காக அடித்துக்கொள்ள, அரக்கன் நிதானமாக வந்து எல்லோரையும் விழுங்கினான். ஆளுக்கொரு விளக்கு கொடுத்துப் பார்த்தார். மூவரும் விளக்கோடு வேடிக்கை பார்க்க, இவர் முதல் அடியிலேயே செத்தார்.

யாரும் ஆடாவிட்டால் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும் வசதி இருக்கிறதே, விளக்கை அதனிடம் விட்டால் என்ன என்று கேட்டாள் புரோகிராமர்.

"மனுஷங்க சேர்ந்து ஆடுறதுக்குத்தாம்மா இந்த கேமே," என்று எரிந்து விழுந்தார்.

கடைசியில் பழியை அறையின் மேல் போட்டார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பெரிய ஹாலுக்கு மாற்றச் சொன்னார். எலக்ட்ரீஷியன் மேசைக்கடியில் குனிந்திருக்கும்போதே முதலாளி வந்துவிட்டார். "மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம், வெளிய வாங்க," என்று தலைவர் அவரை விரட்டினார்.

புரோகிராமர் கம்ப்யூட்டரில் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நால்வரும் ஆளுக்கொரு ரிமோட்டை எடுத்துப் பொத்தான்களைப் போட்டு அமுக்கினார்கள். என்ன ஆட்டம்! ஒருவன் விளக்கோடு நடுவில் நின்றான், மற்றவர்கள் அவனைச் சுற்றி அரண் கட்டினார்கள். தலைவரின் வீரன் கையிலிருந்த வெற்றியை விட்டுவிட்டு ஓவியரின் வீரனைக் காப்பாற்ற ஓடினான். தனக்குள் இத்தனை பெருந்தன்மையா என்று தலைவருக்கே கண் கலங்கியது. அரக்கன் விழுந்தான்.

"இவ்வளவு ஒத்துமையான டீமை நான் பார்த்ததே இல்ல," என்றார் முதலாளி.

"விட்டுக்கொடுக்கணும் சார், அவ்வளவுதான்," என்றார் தலைவர், அடக்கமாக.

மூலையில் நின்ற எலக்ட்ரீஷியன் தொண்டையைச் செருமினார்.

"சார், நீங்க நாலு பேரும் கையில வெச்சிருக்கிற ரிமோட்டோட ஒயரெல்லாம் இன்னும் மாட்டாமலே கிடக்கு. இப்பவாவது மாட்டிரட்டுமா?"