கீழ்த்தளத்தில் நிற்கும் எங்கள் கதவு

மரியாதைக்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போனது நீங்கள்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நலம் விசாரித்த பிறகு எழுதினால் கை வராது. நாங்கள் காற்றோட்டமாக இருக்கிறோம். நீங்கள் நலமாக இருப்பது தெரியும், தினமும் உங்கள் காருக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறவன் நான்தானே.

நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் எனக்குக் காவலாளி வேலை வாங்கித் தந்ததும் நீங்கள், உங்கள் பழைய கட்டடத்தில் ஓர் அறையை வாடகைக்குத் தந்ததும் நீங்கள். வேலையில் சேர்ந்த அன்றே, "கேட்ல வெச்சு சித்தப்பான்னு கூப்பிடாதே, சார்னு சொல்லு, மத்தவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க" என்றீர்கள். இன்றுவரை வாய் தவறியதில்லை. பிறகு யாரோ, அந்த அறையைக் குடோனாக்கினால் கூரியர் கம்பெனி கூடுதலாகத் தரும் என்று உங்கள் காதில் போட்டார்கள். காலி செய்யச் சொன்னீர்கள், வேறு இடம் கிடைக்கவில்லை என்றேன். அடுத்த வாரமே நீங்கள் அனுப்பிய தச்சர் வந்து, கதவில் செல் அரித்திருக்கிறது, சரி செய்து மாட்டுகிறேன் என்று தூக்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து வாசலில் ஒரு போர்வை தொங்குகிறது, தட்டக் கதவில்லாததால் பக்கத்து அறை டெய்லர் அக்கா வெளியே நின்று வாயாலேயே டக் டக் என்கிறார், என் மனைவி, உங்கள் மருமகளும் "தாழ்ப்பாள் போடலை, வாங்க" என்கிறாள், அவள் ஹோட்டலில் அறை சுத்தம் செய்பவளாயிற்றே, அங்கே கைப்பிடியில் மாட்டுகிற 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டை ஒன்று ஓரம் கிழிந்து குப்பைக்குப் போக இருந்ததைக் கொண்டுவந்தாள், இங்கே மாட்டக் கைப்பிடி ஏது, போர்வையில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டோம், தெருநாய்க்குப் படிக்கத் தெரியவில்லை. பத்தாவது படிக்கிற எங்கள் மகள், உங்கள் பேத்தி, உடுப்பு மாற்ற டெய்லர் அக்கா அறைக்குப் போகிறாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனோம். கோர்ட் உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது, கதவைக் கழற்றுவதும் வெளியேற்றுகிற வேலைதான் என்று வக்கீலம்மா மனு எழுதிக் கோர்ட்டில் போட்டார். "நீங்களா வீட்டை விட்டு மட்டும் போயிடாதீங்க, எப்பவும் யாராவது ஒருத்தர் உள்ள இருங்க" என்றார். வேலைக்குப் போகிறவர்கள் எப்போதும் உள்ளே இருப்பது எப்படி என்று சட்டத்தில் எழுதவில்லை போலிருக்கிறது. உங்கள் மருமகள் இரவு ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். இப்போது நாங்கள் குடித்தனம் நடத்துவது வாசற்படியில்தான். நான் செருப்பை மாட்டும்போது அவள் செருப்பைக் கழற்றுகிறாள்.

கதவு எங்கே என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. வேனில் அது இந்தக் கேட்டுக்குத்தான் வந்தது. ஒரு பக்கம் பிடித்து இறக்கி, கீழ்த்தளத்தில் உங்கள் காருக்குப் பின்னால் சாய்த்துவைத்தவனும் நானே. வருஷா வருஷம் உங்கள் பேத்தியின் உயரத்துக்குப் பென்சிலில் கோடு போட்ட கதவு, எனக்கா அடையாளம் தெரியாது? உரிமையாளர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் எந்தப் பொருளும் வெளியே போகக் கூடாது என்பது இங்கே விதி. ஆகவே என் வீட்டுக் கதவை நான் திருடிவிடாமல் நானே காவல் காக்கிறேன்.

போன திங்கட்கிழமை கோர்ட் ஆள் உங்களுக்குச் சம்மன் கொண்டுவந்தார். இன்டர்காமில் சொன்னேன். "நான் இல்லைன்னு சொல்லி அனுப்பிடு" என்றீர்கள். குடியிருப்பவர் சம்மதமில்லாமல் யாரையாவது உள்ளே விட்டால் அன்றே வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். சார் இல்லை என்றேன். அவர் காகிதத்தில் வழக்குப் போட்டவன் பெயரைப் பார்த்தார், என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார்.

"நீங்கதானா இது?"

"டூட்டில இருக்கேன் சார்."

என் கேஸை நானே திருப்பி அனுப்பினேன், கூடவே ஒரு சல்யூட். மறுபடி வந்தாலும் அதைத்தான் செய்வேன், வீட்டோடு வேலையும் போனால் எங்கே போவது? ஆகவே கேஸ் வேண்டாம் சித்தப்பா, நமக்குள் பேசிக்கொள்வோம். கதவைக் கொடுத்துவிடுங்கள், போதும்.

சித்திக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டுக் கதவுகளெல்லாம் நெடுங்காலம் நல்லபடியாகத் திறந்து மூடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்
(கேட்டில், வாட்ச்மேன்)

பி.கு.: கேஸ் வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். கோர்ட் ஆள் மறுபடி வந்துவிட்டார். இந்த முறை உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. உங்கள் காருக்குத் திறப்பதுபோலக் கேட்டை இரண்டு பக்கமும் திறந்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு மேலே உங்களிடம் வருவதற்காக லிப்டைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறார். சூப்பர்வைசரிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். இன்டர்காமில் ஒன்றே ஒன்று கேட்டேன்: "சித்தப்பா, கதவை எப்ப மாட்டுவீங்க?" எடுத்தது நீங்கள்தான், இருமல் தெரியும். அதற்குப் பிறகு டிவி சத்தம் மட்டும் கேட்கிறது. ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.