படகு செக்கு சுற்றிய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம், படகும் சுகம். அங்கு நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். போன மாதம் தொலைபேசியில், "ஆள் வச்சுச் செய்யுங்க மாமா, இல்லேன்னா படகை வித்துடுங்க" என்று எனக்கே புத்தி சொல்லும் அளவுக்குத் தெம்பு இருந்ததே.

ஆள் வைக்கவில்லை. கிரேன்காரரை ஆள் கணக்கில் சேர்க்க முடியாது, அவர் கிரேனோடு சேர்த்தி. பாய்மரத்தை இறக்கி, அதைத் தாங்கும் கம்பிகளை எல்லாம் மாற்றி, உள்ளே புது ஒயர் இழுத்து, மறுபடி நிறுத்தி, சுக்கானைத் தானே பிடித்து ஓட்டும் கருவியையும் காற்றின் வேகம் காட்டும் திரையையும் பொருத்தினேன். எல்லாம் புத்தகம் பார்த்துக் கற்றதுதான். நாங்கள் இருவரும் போகவிருக்கும் நீண்ட கடல் பயணத்துக்கு உங்கள் அத்தை ஒரே நிபந்தனை போட்டாள்: "கலங்கரை விளக்கம் வரைக்கும் நேரா ஓட்டிக் காட்டுங்க, பயணத்துக்கு வரேன். இல்லேன்னா நீங்க தனியாப் போங்க, நான் மக வீட்டுக்குப் போறேன்." நாற்பது வருஷம் கூட இருந்தவள் இல்லாமல் எனக்குக் கடலில் என்ன வேலை, சொல்லுங்கள்.

கருவியை முடுக்கினேன். படகு துறைமுக வாயிலிலேயே வட்டமடித்தது. கரையில் நின்றவர்கள் முதல் சுற்றுக்குக் கையசைத்தார்கள், இரண்டாவதுக்கும் அசைத்தார்கள், மூன்றாவதுக்குக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். "என்னங்க, செக்கா ஆட்டறோம்?" என்றாள். திரை காற்று பூச்சியம் என்று காட்டியது. அந்த நேரம் பார்த்து அவள் தொப்பி பறந்தது. "புதுக் கருவி, பழகணும்" என்று சமாளித்தேன். திரும்பி வந்து, அலமாரியிலிருந்து ஸ்பானர் பெட்டியை வெளியே எடுத்து, கருவியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை, திசை துல்லியமாகக் காட்டுகிறது. மூடிவிட்டு, பெட்டியை உள்ளே வைத்துக் கிளம்பினால் மறுபடி செக்கு. இப்படியே ஐந்து நாள். செய்த கம்பெனிக்கு மூன்று பக்கம் திட்டி எழுதினேன்.

ஆறாம் நாள் அத்தை கேட்டாள்: "அதுக்குத் திசை சொல்ற காந்தம் எங்க இருக்கு?"

"அலமாரியில."

"உங்க இரும்புப் பெட்டி?"

"அதுக்குப் பக்கத்துல. அடிக்கடி ரிப்பேர் வருதே, கைக்கு எட்ட வேண்டாமா?"

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படகின் மறுகோடியில் வைத்தாள். நேற்று படகு கோடு கிழித்த மாதிரி கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பியது. அத்தை துணிமணி அடுக்கத் தொடங்கிவிட்டாள். எனக்குப் போன உயிர் வந்தது. ஆக, யார் உதவியும் இல்லாமல் எல்லாம் முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். மகளுக்கு என் ஆசி. உங்களுக்கும் உண்டு, கொஞ்சம் குறைத்து.

இப்படிக்கு,
யாரையும் எதிர்பார்க்காத மாமா

பி.கு.: இன்று காலை ஸ்பானர் பெட்டியின் அடியில் ஒரு பொட்டலம் கிடைத்தது. காற்றை அளக்கப் பாய்மர உச்சியில் சுழல வேண்டிய கிண்ணங்கள். கிரேன்காரர் போய்விட்டார். கயிற்றில் உட்காரவைத்து மேலே இழுக்க எடை குறைந்த ஆள் ஒருவர் வேண்டும், நீங்கள் ஒல்லிதானே. சனிக்கிழமை வந்துவிடுங்கள். அத்தை கேட்டால், பிள்ளைகளைக் காட்ட வந்ததாகச் சொல்லுங்கள். வரும்போது ஒரு தொப்பியும்.